உனக்குக் கொடுத்த அவுட்டைப் பற்றி

அன்புள்ள மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் அழைப்பை இடையில் வெட்டியது நான்தான். லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, லைனில் ஒரு கோளாறும் இல்லை. அம்மா ஸ்பீக்கரில் போட்டுத் தந்திருந்தாள். நீ கட்டாரில் இருந்து தேத்தண்ணி உறிஞ்சிய சத்தம்கூடத் திருகோணமலையில் எங்கள் குசினி அடுப்படி வரைக்கும் வந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். கலியாண விருந்தில் சாப்பாட்டுக்கு முதல் மாப்பிள்ளை நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அனுஷா வீட்டார் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நீ, பதின்மூன்று வருடத்துக்கு முதல் அந்தக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் நடுவராக நின்ற நான் உனக்கு அவுட் கொடுத்த கதையைச் சொல்லப்போவதாகச் சொன்னாய். அந்த இடத்தில்தான் நான் போனை வெட்டினேன். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதற்குள் அந்த அவுட்டைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால், நீ மேடையில் ஏறி என்னைப் புகழ, முந்நூறு பேர் திரும்பிப் பார்த்துக் கை தட்ட, நான் ஒன்றும் தெரியாத மாதிரிக் கோட்டுச் சூட்டோடு சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். அது என்னால் ஏலாது. சொன்னபிறகு நீ என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாய் என்பதும் எனக்குத் தெரியாது. என்றாலும் சொல்லத்தான் போகிறேன்.

இதைப் போனில் சொன்னால் என்ன, ஏன் காகிதத்தில் எழுதி அம்மாவைக்கொண்டு படம் பிடித்து அனுப்புகிறீர்கள் என்று கேட்பாய். நானும் நீயும் போனில் கதைக்கிற கதை எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும்தானே. அந்தோனியார் கோவிலில் பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவ, உன் அழைப்பு வரும். முதலில் நாட்டு நடப்பு. பிறகு கிரிக்கெட். பிறகு டிவியில் பிள்ளைகள் பாடும் போட்டி. அது முடிய, "இந்தா, அம்மாட்டக் குடுக்கிறன்." ஆறு வருடமாக இதே ஒழுங்குதான், பூசையில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை. நீ அனுஷாவைப் பற்றி முதன்முதலில் சொன்ன நாளை நினைத்துப் பார். இருபது நிமிடம் எங்கள் அணியின் துடுப்பாட்டத்தை இரண்டு பேருமாகக் கிழித்துப் போட்ட பிறகு, "அப்பா, மட்டக்களப்பில ஒரு பிள்ளையைப் பிடிச்சிருக்கு" என்றாய். நான் சொன்ன பதில் என்ன? "நல்லது. அப்ப மூண்டாவதா ஆரை இறக்குவாங்கள்?" அம்மா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை மகன். சந்தோஷத்தை எந்தச் சொல்லில் போட்டுச் சொல்வது என்று தெரியவில்லை, கைக்கு அகப்பட்டது கிரிக்கெட்.

எதற்கும் நாட்டு நடப்பில் இருந்தே தொடங்குகிறேன், அதுதான் எனக்கு வாய்க்குப் பழகியது. இந்தக் கிழமையும் செய்தியில் எங்கள் துறைமுகத்தை இன்னொரு சிங்கப்பூர் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் கப்பல் இழுக்கிற டக் படகில் வேலைக்குச் சேர்ந்த வருடமும் ஆக்கினார்கள், நான் பென்ஷன் எடுத்த வருடமும் ஆக்கினார்கள். பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்க்க யாரோ வெளிநாட்டுக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள், படம் எடுப்பார்கள், கையெழுத்து வைப்பார்கள், பிறகு கேட்டால் அந்தக் கையெழுத்துக்கு யாரும் பொறுப்பில்லை. "ஒரு மனுசனாவது வந்து, நான் விளங்காமல் வைச்ச கையெழுத்து, பிழை விட்டிட்டன் எண்டு சொன்னதுண்டோ?" என்று நான் டிவியைப் பார்த்து ஏசுவேன். நீயும் அந்தப் பக்கத்தில் இருந்து ஓம் ஓம் என்பாய். ஏசிவிட்டு நான் எழும்பிப் போய் ஒரு கோப்பை தண்ணீர் குடிப்பேன், அது உனக்குத் தெரியாது. ஏசின ஏச்சு திரும்பி எனக்கே வந்து படும்.

கிரிக்கெட்டும் அப்படித்தான். இந்தக் காலத்தில் நடுவர் ஒரு அவுட் கொடுத்தால், ஆட்டக்காரன் கையைக் குறுக்கே போட்டு மறுபரிசீலனை கேட்கிறான். மேலே இருக்கிற மூன்றாவது நடுவர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். பந்து துடுப்பைத் தாண்டும் இடத்தில் கீழே ஒரு கோடு ஓடும், பட்டிருந்தால் அந்தக் கோடு துள்ளும். கோடு துள்ளுகிறதா இல்லையா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது நான் மட்டும் கதிரையை விட்டு எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவேன். அம்மா கேட்டால் கோழியைப் பார்க்கிறேன் என்பேன். நாங்கள் கோழி வளர்ப்பதை விட்டு எத்தனை வருடம்? பாட்டுப் போட்டியிலும் அதே வியாதி. நடுவர் கதிரையில் இருக்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லாப் பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு கொடுக்கிறார்கள் என்று நான் கத்துவதும், "அப்பாவைப் போட்டால் எல்லாருக்கும் பூச்சியம்தான்" என்று நீ பகிடி பண்ணுவதும் ஒவ்வொரு கிழமையும் நடக்கிறதுதானே. மந்திரி, நடுவர், பாட்டு வாத்தியார் என்று தீர்ப்புச் சொல்லுகிற ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. எல்லாரோடும் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ தெரியாது.

சரி, சொல்கிறேன். என்னுடைய வேலை உனக்குத் தெரியும். பெரிய கப்பலைக் கயிறு போட்டு இழுத்துத் துறையில் சேர்க்கிற டக் படகில், கீழே எஞ்சின் அறையில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நான். அந்த அறைக்குள் ஆள் ஆளுக்குக் கத்திப் பிரயோசனம் இல்லை, கையால்தான் கதைப்போம். நானும் என்னோடு வேலை செய்த கிண்ணியா ஊர் நசீரும் கையாலேயே சண்டை பிடித்து, கையாலேயே சமாதானமும் ஆகியிருக்கிறோம். காதை மூட ஒரு சாமான் தந்தார்கள், வெக்கைக்கு அதைப் போட மனம் வராது. இருபது வருடம் போக, மெல்லிய சத்தங்கள் எனக்குக் கேட்பதில்லை. ஆட்கள் கதைப்பது கேட்கும். குருவி கேட்காது, கொதிகேத்தலின் விசில் கேட்காது, சில்லறை நிலத்தில் விழுந்தால் கேட்காது. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அப்படித்தான். வயது போனதால் வந்தது என்று நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள், நானும் அப்படியே நினைக்க விட்டேன். சொன்னால் வேலையால் நிப்பாட்டிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். சும்மா வீம்பு மற்றப் பக்கம். நசீருக்கு மட்டும் தெரியும், அவருக்கும் அதே காதுதான்.

இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு நான் எங்கள் கோவில் பங்கில் வருடா வருடம் நடுவராக நின்றேன். அந்தோனியார் திருவிழாவுக்கு நடக்கும் கடினப்பந்து ஆட்டங்களில், எந்த ஊர் அணி வந்தாலும், நடுவர் யார் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். அவர் நேர்மையான ஆள், அவர் வந்தால் சண்டை வராது என்பார்கள். இதைக் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு ஒரு சாண் கூடும். எல்பிடபிள்யூ என்றால் கண் போதும், எனக்குக் கண் நல்ல கண். பந்து துடுப்பில் உரசிப் பின்னால் போனதா என்று கேட்டால்தான் சிக்கல். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். துடுப்பாட்டக்காரனின் முகத்தைப் பார்ப்பேன். பட்டிருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு முகம் மாறும். பத்தாவது ஆள் ஒருநாள் வருவான் என்று நான் நினைத்ததில்லை. வந்தது நீ.

உனக்கு அப்போது பதினேழு முடிந்திருந்தது. இறுதி ஆட்டம் எங்கள் பங்குக்கும் கிண்ணியா அணிக்கும். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற பயிற்றுநர் உன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று மைதானம் முழுக்கக் கதை. நீயே நினைவு வைத்திருப்பாய், நீ நாற்பத்து மூன்றில் நிற்கிறாய், வெல்ல இன்னும் பதினொரு ஓட்டம். தண்ணீர் குடிக்க நிறுத்தின நேரம், என்னைக் கடந்து போன இரண்டு பேர் எனக்குக் கேட்கட்டும் என்றே ஒரு கதை விட்டார்கள். "மகனுக்கு அப்பன் விரலைத் தூக்குவாரோ? பாப்பம்." அவ்வளவுதான். அது எனக்குள் போய் இருந்துவிட்டது. அதற்குப்பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை மகன், அந்த இரண்டு பேரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஓவர், பந்து உன் துடுப்பருகால் போய் விக்கெட் காப்பாளரின் கையில் விழுந்தது, கிண்ணியாப் பொடியன்கள் எல்லாரும் கத்தினார்கள். பந்து உரசின சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். உன் முகம் மாறவே இல்லை. படவில்லை என்றுதான் நான் நினைத்தேன். நன்றாகக் கேள், படவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் விரலைத் தூக்கினேன். நீ என் மகன் என்றபடியால் தூக்கினேன். வேறு யாருடைய பிள்ளை என்றாலும் தூக்கியிருக்கமாட்டேன்.

நீ ஒருதரம் என்னைப் பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தாய். ஆட்டம் எங்கள் கையை விட்டுப்போனது, பயிற்றுநர் வெற்றிக் கிண்ணம் கொடுக்கிற வரைக்கும் நிற்கவில்லை, அடுத்த மாதம் வந்த பெயர்ப் பட்டியலில் உன் பெயர் இல்லை. மைதானத்தில் ஆட்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெத்த பிள்ளை என்றும் பார்க்காமல் கொடுத்தாரே, இவரல்லோ மனிசன் என்றார்கள். அந்த இரண்டு பேரும் வந்து குலுக்கினார்கள். நான் குலுக்கினேன், வெட்கம் கெட்டவன். மற்ற முனையில் நடுவராக நின்ற நசீர் மட்டும் கை தரவில்லை. வேலியடியில் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "உண்மையச் சொல்லுங்க, ஒங்களுக்குக் கேட்டதா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் திரும்பிப் போய் விக்கெட்டுகளைப் பிடுங்கினார். அதற்குப்பிறகு அவர் அந்தக் கதையை எடுத்ததே இல்லை. வீட்டில் அம்மா நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, "பிள்ளைக்கு அப்பாவா இருங்கோ எண்டா ஊருக்கு நல்லவரா இருக்கிறியள்" என்றாள். நான் நீதி நியாயம் என்று பெரிய கதை கதைத்தேன். நீ உள் அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

அம்மா சொன்னது அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இல்லை. சுனாமி வந்து போன பிறகு பங்கில் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தோம், கொடுக்கிற பொறுப்பு என் கையில். உன்னுடைய பையும் கடலோடு போனதுதான். எண்பது பை கொடுத்தேன், உனக்கு ஒன்று கொடுக்கவில்லை. தன் பிள்ளைக்கு முதல் எடுத்துவிட்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. நீ ஒரு தவணை முழுக்கக் கடைப் பையில் புத்தகம் கொப்பிகளைக் கொண்டுபோனாய், மழை பெய்தால் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடினாய். அதை நான் ஆட்களிடம் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். இப்போது எழுதும்போதுதான் எனக்கே முகம் சுடுகிறது. நேர்மை என்று நான் நினைத்தது பயம் மகன். ஊர் வாய்க்குப் பயந்து வீட்டுப் பிள்ளையைத் தண்டித்தேன். அது நேர்மையைவிட லேசான வேலை, ஏனென்றால் வீட்டுப் பிள்ளை திருப்பிக் கேட்காது.

நீ விளையாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாய். ஹோட்டல் படிப்புக்குப் போனாய், பிறகு கட்டார். உன்னை அனுப்பிவிட்டு விமான நிலையத்தில் இருந்து வரும் வழியில், இவன் இங்கே ஒரு துடுப்போடு நிற்க வேண்டியவன், நான் நாடு கடத்திவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னேன். என் பாவத்தைக் கேட்ட சுவாமி இளம் ஆள், கிரிக்கெட்டில் பைத்தியம். முழுவதையும் கேட்டுவிட்டு, மகன் எத்தனையில் நின்றவர் என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்து எனக்கே கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு, கடவுள் மன்னிப்பார், ஆனால் இதை நீங்கள் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். அந்தக் கிழமை நடந்த ஆட்டத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இந்தப் பாரத்தோடு இருந்தவனுக்குத்தான் போன ஞாயிறு நீ அந்தக் கதையைச் சொன்னாய். நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவு இருக்கிறது. "நான் தொட்டனான் அப்பா. மெல்லிசாப் பட்டது. கீப்பருக்கே தெரியாது, சும்மா கத்திப் பாத்தவன். முகத்தை இறுக்கி வைச்சுக்கொண்டு நிண்டனான், தப்பியிருவனெண்டு. நீங்கள் விரலைத் தூக்கினீங்கள். எனக்கே சரியாக் கேக்காத சத்தம் உங்களுக்கு எப்பிடிக் கேட்டதெண்டு இண்டைக்கும் விளங்கேல்ல." அதோடு விடாமல் அங்கே கட்டாரில் ஹோட்டலில் நடந்ததையும் சொன்னாய். குளிரறையில் இருந்த மீன் பெட்டிகளில் திகதியை மாற்றி ஒட்டச் சொல்லி மேலாள் சொன்னபோது நீ மறுத்ததும், வேலை போகும் நிலை வந்ததும், அந்த நேரம் என்னுடைய விரல்தான் கண்ணுக்கு முன்னால் வந்ததும். விருந்தில் இதைத்தான் சொல்லப்போகிறேன், இப்படியொரு மனுசனுக்குப் பிறந்தவன் நான் என்று சொல்லப்போகிறேன் என்றாய். நான் லைன் சரியில்லை என்று வெட்டினேன்.

வெட்டிவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். கதிரையில் இருந்தபடி கண்ணில் தண்ணி வரச் சிரித்தேன். பட்டதாம். பதின்மூன்று வருடம் நான் உன்னிடம் இருந்து திருடினேன் என்று நினைத்தது திருட்டே இல்லையாம். அது அவுட்டாம். படுபாவி, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டா நின்றாய்? அம்மா பயந்துபோய் என்ன மனுசன் என்றாள். பசிக்கிறது என்றேன். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்ட சாப்பாட்டை அம்மா இன்னமும் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பின்னேரம் கடற்கரையால் நடந்தேன். உள்ளே வருகிற கப்பலைப் பார்த்தேன், டக் படகு போய் அதைத் தொடுவதைப் பார்த்தேன், எல்லாம் அழகாக இருந்தது. உன் வாழ்க்கையை நான் கெடுக்கவில்லை என்று கடவுளுக்கு எத்தனை தரம் நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் விடியத்தான் மற்ற யோசனை வந்தது. அவுட் சரி. ஆனால் நீ மேடையில் சொல்லப்போகிற மனிதன் அன்றைக்கு மைதானத்தில் நிற்கவில்லை. சத்தம் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன ஒருவனைப் பற்றி நீ சொல்லப்போகிறாய், அங்கே நின்றது காது கேளாத, ஊருக்குப் பயந்த ஒருவன். பேசாமல் இருந்துவிடு, தீர்ப்புச் சரிதானே, எல்லாருக்கும் சந்தோஷம்தானே என்று ஒரு மனம் சொன்னது. நல்ல மனம், எனக்குப் பழகின மனம்தான். அதோடு, நான் சொன்னால் நீ பிடித்துக்கொண்டு நிற்கிற ஒன்றை உருவி எடுத்துவிடுவேனோ என்றும் பயமாக இருந்தது. இரண்டு நாள் முழுக்க அதையே யோசித்தேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன், காதில் இருந்து தொடங்கி. அவள் கேட்டுவிட்டு, "உங்களுக்குக் கேக்கேல்லயெண்டு எனக்கு எப்பவோ தெரியும். அவனுக்கு எழுதுங்கோ" என்றாள். அவ்வளவுதான். எழும்பிப் போய் மீன் கழுவத் தொடங்கிவிட்டாள்.

ஆகவே மகன், இதைக் கேள். அந்தக் குளிரறையில் திகதியை மாற்றமாட்டேன் என்று சொன்னது நீ. வேலை போனாலும் போகட்டும் என்று நின்றதும் நீ. அங்கே என்னுடைய விரல் இருந்ததாக நீ நினைத்தாய், அது அங்கே இல்லை, அது பயத்தில் தூக்கின விரல். நீ எந்தப் பயமும் காட்டாமல் நின்றிருக்கிறாய். அது உன்னுடையது, முழுவதும் உன்னுடையது, என்னிடம் இருந்து வந்ததில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் அதைவிடப் பெரிய பெருமை. நான் உனக்குச் சொல்ல ஏதாவது புத்தி இருக்கிறது என்றால் இது மட்டும்தான். உன் வீட்டில் நடுவராக நிற்காதே. அனுஷாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நிற்காதே, நாளைக்குப் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்காதே. ஊர் கை குலுக்கும், குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். உன் பிள்ளைக்கு ஒரு பை கொடுக்க வேண்டி வந்தால் முதல் பையை எடுத்துக் கொடு. யாரும் ஏதாவது சொன்னால் சொல்லட்டும்.

விருந்தில் என்ன பேசுவது என்பது உன் விருப்பம். கதையைச் சொல்வதென்றால் இரண்டு பக்கத்தையும் சொல், நீ முகத்தை இறுக்கி நின்றதையும் நான் கேட்காமல் தூக்கினதையும். முந்நூறு பேர் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நசீர் குடும்பத்தோடு வருகிறார், அவர் எல்லாரையும் விடக் கூடச் சிரிப்பார். அவருக்கு நேற்றே போன் எடுத்து, அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். "இதச் சொல்ல இத்தின வருசமா?" என்று கேட்டுவிட்டு, மகன் எப்ப வாறார், கலியாணம் எத்தனை மணிக்கு என்று வேறு கதைக்குப் போய்விட்டார். உன்னிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. இதோ, அதுவும் முடிந்தது. இந்தக் காகிதத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, நெஞ்சில் இருந்து யாரோ காலை எடுத்த மாதிரி இருக்கிறது. நீ கோபப்பட்டால் கோபப்படு. பட்டுவிட்டு வா.

கலியாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, எங்கள் பங்குப் பொடியன்கள் ஒரு ஆட்டம் வைக்கிறார்கள். கலியாணம் முடித்தவர்கள் ஒரு பக்கம், முடிக்காதவர்கள் மற்றப் பக்கம். நீ முதன்முதலாக முடித்தவர்கள் பக்கத்தில் இறங்கப்போகிறாய். நேற்றுப் பின்னேரம் நாலு பேர் வந்து, வழக்கம்போல நான்தான் நடுவராக நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். எனக்குக் காது கேட்காது தம்பிமார், எஞ்சின் அறையில் போன காது, எப்போதோ போய்விட்டது என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்தரம் ஆட்களுக்கு முன்னால் அதைச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை, அவர்கள் சரி அங்கிள் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஆட்டம் நடக்கிற அன்றைக்கு எல்லைக் கோட்டுக்கு வெளியே ஒரு கதிரை போட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறேன். நீ சின்னப் பிள்ளையில் இருந்து விளையாடின ஒரு ஆட்டத்திலும் நான் உனக்காக ஒருதரம் கை தட்டினதில்லை, நடுவர் கை தட்டக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவன். இந்தமுறை நீ ஒரு ஓட்டம் எடுத்தாலும் எழும்பி நின்று தட்டுவேன். உனக்கு யாராவது அவுட் கொடுத்தால், பட்டிருந்தாலும் சரி படாவிட்டாலும் சரி, எனக்குக் கேட்டாலும் சரி கேட்காவிட்டாலும் சரி, அவுட் இல்லை என்று துறைமுகம் வரைக்கும் கேட்கக் கத்துவேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அப்பா